நூற்பட்டியலில் இரண்டு மௌலுபே

கம்ப்யூட்டரை நம்பினால், மௌலுபே என்ற மனிதர் தொண்ணூறு வருடத்துக்கு மேலாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். 1931இல் மிஷன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1968இல் வானொலியில் பேசியிருக்கிறார். 2009இல், அப்போது பள்ளி மாணவியாக இருந்த தீரேசாவுக்கு நேர்காணல் கொடுத்திருக்கிறார். அதோடு களைத்துப்போய்ப் படுத்தாரா என்றால் அதுவும் இல்லை. 2022இல் ஒரே மாதத்தில் இரண்டு தடவை பேசியிருக்கிறார்.

"உங்க மாமா என்னதான் சாப்பிடறார்?" என்று, இப்போது ஆய்வு மாணவியான தீரேசாவிடம் கேட்டான் ஃபலானிக்கோ. பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகளின் பக்க அமைப்பைச் சரிபார்ப்பது அவன் வேலை. மற்றவர்கள் தவிப்பதை வேடிக்கை பார்ப்பது அவன் பொழுதுபோக்கு. "எனக்கும் கொஞ்சம் வாங்கிட்டு வா. நானும் நூறு வயசு இருக்கேன்."

மௌலுபே என்பது ஆள் பெயர் இல்லை, குடும்பப் பட்டம் என்பது அவனுக்கும் தெரியும். தீவின் தலைநகரான அபியாவில் பஸ் ஏறுகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பட்டம் ஏறிய அன்றே அப்பன் வைத்த பெயர் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பழைய பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால், ஒன்று அவர் மனைவி கோபமாக இருக்கிறாள், இல்லை கூப்பிட்டவன் சண்டைக்கு வந்திருக்கிறான். இதெல்லாம் தெரியாதது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அது 'ஆசிரியர்' என்று ஒரு கட்டத்தைக் காட்டியது. தீரேசா மரியாதையாக 'மௌலுபே' என்று ஐந்து தடவை நிரப்பினாள். கம்ப்யூட்டர் ஐந்து பேரையும் பிசைந்து ஓராளாக்கிவிட்டது.

முதல் மூவர் இறந்துவிட்டார்கள், அவர்களால் தொல்லை இல்லை. கடைசி இருவர்தான் உயிரோடு இருந்தார்கள். மூன்றாமவர் இறந்தபோது பட்டம் யாருக்கு என்று குடும்பம் இரண்டாகப் பிளந்து, ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் இரண்டு பன்றி அறுத்து, இரண்டு பேருக்குப் பட்டம் கட்டிவிட்டது. ஒருவர் இயோவானே, ஓய்வுபெற்ற வாத்தியார். இன்னொருவர் செதெஃபானோ, பஸ் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் தீரேசாவின் அம்மாவுக்கு அண்ணன் முறை. வழக்கு பட்டத்துக்கான நீதிமன்றத்தில் கிடந்தது. தீர்ப்பு வரும்வரை யார் மௌலுபே என்று கேட்டால் ஊரில் எல்லோருக்கும் இருமல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை கொடுத்தவர்கள் பெயரைக் கிறிஸ்தவக் கோயிலில் உரக்கப் படிக்கும் டீக்கன்கூட, "மௌலுபே... மௌலுபே..." என்று ஒரே சுருதியில் இரண்டு தடவை படித்துவிட்டு, அடுத்த பெயருக்கு ஓடிவிடுவார்.

தீரேசாவின் ஆய்வு அம்மா ஊரின் கடலைப் பற்றியது. மீன் பெருகட்டும் என்று சில மாதங்கள் கடலை மூடுவார்கள். எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பது மௌலுபேயின் வாய்ச்சொல். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் உயிரோடிருக்கும் அந்த இரண்டு மாமாக்களின் பேச்சில்தான் நின்றது. அதில் யாரை எப்படி எழுதுவது என்பதில்தான் அவள் அம்மாவின் வீடும் நின்றது.

அம்மா மாலியா விதவையாகி, பிறந்த ஊருக்குத் திரும்பியபோது, "இங்கே வீடு கட்டிக்கோ" என்று இடம் காட்டியவர் பழைய மௌலுபே. நிலம் பட்டத்துக்குச் சொந்தம். அவர் வாயால் சொன்னதை அடுத்த மௌலுபே வாயாலேயே மாற்றிச் சொல்லலாம். பக்கத்து ஊரில் அப்படி ஒரு பட்டச் சண்டையில், தோற்றவர் பக்கம் பேசிய ஒரு அத்தையின் வீட்டுத் தூண்களை ஜெயித்தவர் அந்த வாரமே பிடுங்கச் சொன்னார். மாலியாவின் வீடு இருந்த இடமோ இன்னும் மோசம். இந்தப் பக்கம் இயோவானே வீடு, அந்தப் பக்கம் செதெஃபானோ வீடு. மத்தளத்துக்காவது இடி வாங்கத் தோல் இருக்கிறது.

நேர்காணல் கொடுத்தவர்களிடம் பக்கங்களைக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. தீரேசா பக்கங்களை அச்சடித்துக்கொண்டு கப்பல் ஏறி ஊருக்குப் போனாள். போன இடத்தில் ஒரு தவறு செய்தாள். முதலில் இயோவானே வீட்டுக்குள் நுழைந்தாள்.

இயோவானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் போல நூற்பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்னம்மா, 2022க்குப் பக்கத்துல 'ஏ'ன்னு ஒரு எழுத்து?"

"ஒண்ணுமில்ல மாமா. ஒரே பேர்ல ஒரே வருஷம் ரெண்டு வந்தா, கலந்துடக் கூடாதுன்னு கம்ப்யூட்டர் 'ஏ', 'பி'ன்னு தானா போட்டுக்கும். பேட்டிக்கு நான் வெச்ச தலைப்பை அகர வரிசையில பார்த்துப் போடுது. அதுக்கு அர்த்தமே கிடையாது."

"நீ சொல்லிப் போடலையே?"

"இல்ல மாமா. அதுவாத்தான்."

இயோவானே கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை அவள் பார்த்ததே இல்லை. "கம்ப்யூட்டருக்கே தெரியுது பாரு," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, கடைப்பக்கம் ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பினார்.

பொழுது சாய்வதற்குள் செதெஃபானோவின் பஸ் மாலியாவின் வீட்டெதிரில் வந்து நின்றது. அதன் நெற்றியில் ஆளுயர எழுத்தில் 'மௌலுபே' என்று எழுதியிருந்தது. வழக்கு நடக்கும்போது அப்படி எழுதலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "அது பஸ்ஸோட பேரு" என்று சொல்லியிருந்தார். நான்கு தடவை ஹாரன் அடித்துவிட்டு இறங்கினார்.

"தீரேசா, நம்ம பாஷை எழுத்தைக் கொஞ்சம் வரிசையா சொல்லு. சின்ன வயசுல பாடுவியே."

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நானே சொல்றேன். அதுல இந்த இங்கிலீஷ் 'பி'ங்கிற எழுத்தே கிடையாது. பைபிளை முழுசா நம்ம பாஷையில அச்சடிச்சாங்க, ஒரு இடத்துல அது தேவைப்படல. ஆபிரகாமே அது இல்லாம வாழ்ந்துட்டுப் போயிட்டார். தேடிப்பிடிச்சு அதைக் கொண்டாந்து உங்க மாமன் தலையில வெச்சிருக்கியேம்மா."

"மாமா, அது சாஃப்ட்வேர் போடறது. உங்களைக் குறைச்சு..."

"சாஃப்ட்வேருக்கு எங்க வீட்டு விஷயம் யார் சொன்னா? நான் கேட்கிறது அவ்வளவுதான்." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாலியாவின் பக்கம் திரும்பினார். "மாலியா, கூரை ஒழுகுதுன்னியே. தகரம் கொண்டாந்து போடலாம்னு இருந்தேன். இருக்கட்டும். வழக்கு முடியட்டும். யார் யார் எங்க குடியிருப்பாங்கன்னு தெரிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்."

பஸ் கிளம்பிய பிறகும் மாலியா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "என்னடி எழுதின?" என்று மட்டும் கேட்டாள். தீரேசாவுக்கு அழுகை வந்தது. படித்த படிப்பெல்லாம் சேர்ந்து அம்மாவின் தலையில் ஒரு எழுத்தாக விழுந்துவிட்டதே என்று இருந்தது.

அபியாவுக்குத் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், செதெஃபானோவின் பேட்டிக்கு வேறு தலைப்பு வைத்தது. 'புதுப்பி' என்ற பட்டனை அழுத்தினாள். செதெஃபானோ கண்ணிமைக்கும் நேரத்தில் 'ஏ' ஆகிவிட்டார். இயோவானே 'பி' ஆகிவிட்டார். அவரோ சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தான்தான் 'ஏ' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் வாத்தியார். உடனே பழையபடி மாற்றினாள். மறுபடி புரட்டினாள். ஒரு பட்டன் அழுத்தலில் இரண்டு மாமாக்களும் மேலும் கீழும் ஏறி இறங்கினார்கள். வாழ்க்கையில் இவ்வளவு அதிகாரம் அவளுக்கு வாய்த்ததில்லை, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

"சொந்தப் பேரைப் போட்டுடு," என்றான் ஃபலானிக்கோ. "இயோவானே, செதெஃபானோ. கதை முடிஞ்சது."

"கதை இல்ல, நான் முடிஞ்சேன். சொந்தப் பேரை எழுதினா உனக்குப் பட்டமே இல்லைன்னு அச்சடிச்சுக் கொடுத்த மாதிரி. ரெண்டு பேரும் சேர்ந்து எங்கம்மாவைத் துரத்துவாங்க. அவங்க ஒத்துமையா செய்ற ஒரே காரியம் அதுவாத்தான் இருக்கும்."

"பேரே வேண்டாம். நபர் ஒண்ணு, நபர் ரெண்டு."

"யார் ஒண்ணு?"

கடைசியில் இரண்டு பேட்டிகளையும் பட்டியலிலிருந்தே அழித்துப் பார்த்தாள். அதுதான் மகா தப்பு. மேற்கோள் இருந்த இடமெல்லாம் 'மூலம் செல்லாது' என்று தடித்த எழுத்து முளைத்தது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. அவர்கள் இல்லாமல் அத்தியாயம் இல்லை. அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு இல்லை. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால், அவளுக்கென்று வைத்திருக்கும் விரிவுரையாளர் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். அம்மாவை அந்த நிலத்திலிருந்து கிளப்பி அபியாவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த வேலை வேண்டும். வேலை வேண்டுமானால் மாமாக்கள் வேண்டும். அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, ஆத்திரத்தில் விசைப்பலகையை ஒரு குத்துக் குத்தினாள்.

"அதை உடைச்சா நான்தான் பதில் சொல்லணும்," என்று ஃபலானிக்கோ விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆசிரியர் கட்டத்தை உற்றுப் பார்த்தான். "இங்க பாரு. ஒரே மூலத்துக்கு எத்தனை ஆசிரியர் வேணும்னாலும் சேர்க்கலாம். மௌலுபே. அடுத்தது, மௌலுபே. 'மௌலுபே மற்றும் மௌலுபே, 2022.' ஒரே வரி. ஏ இல்ல, பி இல்ல. ரெண்டும் ஒரே பேரு, எது முதல்ல வந்தா என்ன?"

தீரேசா திரையையே பார்த்தாள். மூடிய கடல் திறந்ததுபோல் இருந்தது. அடுத்த நொடியே மூடிக்கொண்டது. "ரெண்டும் தனித்தனிப் பேட்டி. ஒண்ணுன்னு எழுதினா பொய்."

"அப்ப ஒண்ணாப் பேச வை."

"ஒரு உறையில ரெண்டு கத்தியா?"

"உறையை உங்கம்மாகிட்டக் கொடு," என்றான் அவன்.

அவன் வேடிக்கைக்குச் சொன்னது உண்மையாகவே பலித்தது. தீரேசா ஊருக்குப் போய்ச் சொன்ன விஷயத்தை மாலியா கேட்டுக்கொண்டாள். இயோவானே வீட்டுக்குப் போய், "கடலைப் பத்தி உங்க எதிர்ல பேச அவருக்குத் தைரியம் இல்லையாமே, அப்படியா?" என்று கேட்டாள். அடுப்புக்குத் தேங்காய்மட்டை எடுக்கப் போகிறவளைப் போல செதெஃபானோ வீட்டுப் பக்கம் போய், அங்கேயும் அதையே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சாப்பாட்டுக்கு வருவதாக இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வாசல் என்று ஒன்று இருந்திருந்தால், யார் முதலில் நுழைவது என்று அன்றைக்கே கொலை விழுந்திருக்கும். நல்லவேளை, சுவரில்லாமல் தூணும் கூரையும்தான் வீடு. இயோவானே தன் பக்கத்திலிருந்து ஏறினார், செதெஃபானோ தன் பக்கத்திலிருந்து ஏறினார். எதிரெதிர்த் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். "மௌலுபே, வாங்க," என்று மாலியா ஒரே தடவை சொன்னாள். இருவரும் தலையசைத்தார்கள். கொக்கோவை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒவ்வொரு கையிலும் ஒன்றாக ஏந்தி நடுவில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஒரே நேரத்தில் நீட்டினாள்.

"மௌலுபே, கடலை எப்ப மூடணும்னு பிள்ளை கேட்கிறா," என்றாள் மாலியா.

இருவரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள், ஒன்றாக நிறுத்தினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முந்தினார்கள். இவர் ஒன்று சொன்னால் அவர் அதற்கு மேலே இரண்டு சொன்னார். தனித்தனியாகக் கேட்டபோது, அது உனக்கு எதற்கு என்று விழுங்கிய சங்கதியெல்லாம் போட்டியில் வெளியே வந்து விழுந்தது. எந்தப் பாறை இடுக்கில் மீன் முட்டை வைக்கும், எந்தக் காற்று அடித்தால் வலையைச் சுருட்ட வேண்டும், திறக்கும் நாளில் முதல் மீன் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தீரேசாவின் கைபேசியில் பதிவு நிரம்பிக்கொண்டே போனது. மாலியா டாரோக் கிழங்கையும், பலுசாமி என்ற தேங்காய்ப்பால் கீரையையும் பரிமாறிக்கொண்டே இருந்தாள். அதையும் இரண்டு கையால்தான் வைத்தாள்.

ஒரு கட்டத்தில் பழைய மௌலுபே சொல்வாரே என்று இயோவானே எடுத்தார். செதெஃபானோ அதே வாக்கியத்தைச் சேர்ந்து சொன்னார். "கடல் நம்மளுது இல்ல, மூடுற வேலைதான் நம்மளுது." ஒரு எழுத்துப் பிசகவில்லை. கிழவர் இழுத்து நிறுத்துகிற இடத்தில் இருவரும் இழுத்து நிறுத்தினார்கள். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அப்ப இதை உனக்கும் சொல்லியிருக்கார்," என்றார் இயோவானே கடைசியில்.

"எனக்குத்தான் முதல்ல சொன்னார்," என்றார் செதெஃபானோ.

அபியாவில் தீரேசா புதிய பேட்டியைப் பதிந்தாள். பழைய இரண்டையும் எடுத்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினாள். சொல்லப்போனால் முன்பைவிட நன்றாகவே வந்தது. 'மௌலுபே மற்றும் மௌலுபே' என்று ஒரே வரியில் இருவரும் இடிக்காமல் உட்கார்ந்தார்கள். சம்மதம் வாங்கப் போனபோது இரண்டு பேரும் தனித்தனியாக அவளை ஓரமாக அழைத்துப்போய், வார்த்தை மாறாமல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"முதல்ல இருக்கிற மௌலுபே நான்தானே?"

"ஆமா மாமா," என்றாள் ஒருவரிடம்.

"ஆமா மாமா," என்றாள் இன்னொருவரிடம்.

பொய்தான். இரண்டில் எது யார் என்று அவளுக்கே தெரியாது. நாளைக்கு இவர்கள் இரண்டு பேரும் அதே பக்கத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய், முதலில் இருப்பது யார் என்று இவளையே கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அன்றிலிருந்து போகவே இல்லை.

செதெஃபானோ சொன்னபடி தகரம் கொண்டுவந்தார். அதைக் கேள்விப்பட்டு இயோவானேயும் கொண்டுவந்தார். தன் வீட்டுப் பக்கத்துக் கூரையை அவரவர் பளபளவென்று வேய்ந்துகொடுத்தார்கள். இரண்டு தகரமும் சேருகிற முகட்டில் மூடித் தகரம் யார் போடுவது என்பதில் மட்டும் பேச்சு நின்றுவிட்டது. மழை வந்தால் வீட்டின் நட்ட நடுவில் மட்டும் ஒழுகியது. மாலியா அங்கே ஒரு வாளியை வைத்துவிட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஆய்வேடு போய், வெளிநாட்டுத் தேர்வாளரிடமிருந்து திரும்பி வந்தது. தேர்ச்சி. அருமையான மூன்றாம் அத்தியாயம் என்று பாராட்டு. ஒரே ஒரு திருத்தம். அதைச் செய்து கொடுத்துவிட்டால் பட்டம், வேலை எல்லாம் கையில். ஐந்து நிமிட வேலை என்று நெறியாளர் பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

"ஆசிரியர் பெயர் தவறுதலாக இரண்டு முறை பதிவாகியுள்ளது. ஒன்றை நீக்கவும்."

தீரேசா அதை வாய்விட்டுப் படித்தாள். ஃபலானிக்கோ சிரிக்க வாயைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"வெளிநாட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்," என்றான். "ஒரு பேரை எடுத்துட்டுக் கொடுத்துடு. யார் பார்க்கப் போறா?"

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பிரதி கேட்டிருக்காங்க. சட்டம் போட்டு மாட்டப் போறாங்களாம்."

அவள் நூற்பட்டியலைத் திறந்தாள். துடிக்கும் கோடு இரண்டு மௌலுபேக்களுக்கும் நடுவில் போய் நின்றது. பின்னால் நகர்த்தி ஒரு விசையை அழுத்தினால் ஒருவர் போய்விடுவார், முன்னால் நகர்த்தி அழுத்தினால் இன்னொருவர். எவர் போனாலும் திரையில் மிஞ்சுவது அதே பெயர்தான். ஊரில் அப்படி இல்லை. ஊரில் போகிறவர் ஒருவராக இருந்தாலும், அவரோடு போவது அம்மாவின் வீடு. களைப்பாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்தக் கோபம் மாமாக்கள் மேலா, தேர்வாளர் மேலா, தன் மேலா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

திருத்தங்களுக்குப் பதில் எழுதும் தாளில், 'என்ன செய்தீர்கள்' என்ற இடத்தில் எல்லோரும் 'செய்தாயிற்று' என்றுதான் எழுதுவார்கள். தீரேசா எழுதினாள்:

"செய்யவில்லை. இது தவறு இல்லை, இவர்கள் இரண்டு பேர். என் அம்மா இவர்களுக்கு நடுவில் குடியிருக்கிறார்."

ஃபலானிக்கோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். "இதுக்கு ஆதாரம் எங்கன்னு கேட்பாங்க."

"கேட்கட்டும்," என்றாள் அவள். "மழை பெய்யற ஒரு ராத்திரி எங்க வீட்டு நடுவுல வந்து படுத்துப் பார்க்கச் சொல்லு."